திரையும் சுருக்கமும்

ஆங்கிலத்தில் 'ரூகோஸ்' என்றொரு சொல் உண்டு. மடிப்புகளும் வரிகளும் நிறைந்த மேற்பரப்பை உடையது என்பது அதன் பொருள். அன்றாட ஆங்கிலப் பேச்சில் இச்சொல் பெரும்பாலும் காதில் விழுவதில்லை; நாளிதழ்களிலும் அரிதாகவே தென்படும். தாவரவியலார், விலங்கியலார், தொல்லுயிரியலார், மருத்துவர் ஆகியோரின் எழுத்துகளில்தான் அது வாழ்ந்துகொண்டிருக்கிறது. சிறிய ஆங்கில அகராதிகள் சிலவற்றில் இடம்பெறாமலும் போய்விடுகிற இந்தச் சொல்லோடு நாம் சில மாதங்கள் பழக நேர்ந்தது. பழகியதன் பயனாக நமது மொழியில் அன்றாடம் கையாளும் இரண்டு சொற்களை வேறு கண்களால் பார்க்கவும் நேர்ந்தது. அதை இங்கே பகிர்ந்துகொள்ளலாம் என்று தோன்றுகிறது.

முதலில் சொல்லின் குடிவழியைப் பார்ப்போம். லத்தீனில் 'ரூகா' என்றால் தோலில் விழும் மடிப்பு. அதனோடு 'நிறைந்த' என்னும் பொருள்தரும் 'ஓசுஸ்' விகுதி சேர்ந்து 'ரூகோசுஸ்' ஆயிற்று. சொற்கள் மிகுந்த பேச்சை ஆங்கிலத்தில் 'வெர்போஸ்' என்கிறார்களே, அதே விகுதிதான். ஆகவே 'ரூகோஸ்' என்பதன் நேர்பொருள் 'மடிப்பு மிகுந்தது'. இங்கே 'மிகுந்தது' என்பதைக் கவனிக்க வேண்டும். குறைவைப் பற்றிய சொல்லாக இது பிறக்கவில்லை.

இதே 'ரூகா' பிரெஞ்சு மொழிக்குள் நுழைந்து 'ரூ' என்று தேய்ந்து, தெருவைக் குறிக்கலாயிற்று. போர்த்துக்கீசிய மொழியில் முகத்தில் விழும் மடிப்பு இன்றும் 'ரூகா'. வீடுகளுக்கிடையே ஓடும் தெரு 'ருவா'. புதுச்சேரியில் கடற்கரையை ஒட்டிய பழைய பகுதியில் நடந்தவர்கள், தெருப்பெயர்ப் பலகைகளில் 'ரூ' என்னும் பிரெஞ்சுச் சொல்லைப் பார்த்திருப்பார்கள். அந்தத் தெருவுக்கும் ஒரு கிழவியின் நெற்றி வரிக்கும் மூலச்சொல் ஒன்றே. ஊரின் முகத்தில் ஓடும் மடிப்பைத் தெரு என்று கண்ட அந்தப் பழைய கண் யாருடையது என்று தெரியாது. ஆனால் அந்தக் கண்ணுக்கு மடிப்பு என்பது மனிதர் நடமாடும் வழியாகத் தெரிந்திருக்கிறது.

* * *

சுருக்கத்தைக் குறிக்கும் மற்ற ஆங்கிலச் சொற்களோடு வைத்துப் பார்த்தால்தான் 'ரூகோஸ்' என்பதன் தனித்தன்மை விளங்கும். 'ரிங்கிள்டு' என்பது பொதுச்சொல். முகத்துக்கும் ஆகும், தேய்க்காத சட்டைக்கும் ஆகும். 'விஸண்ட்' என்று இன்னொன்று. வாடி உலர்தலைக் குறித்த பழைய ஆங்கில வினையிலிருந்து வந்தது. ஈரம் வற்றி ஒடுங்கிய முகத்துக்கும், உலர்ந்த பழத்துக்கும் அதைச் சொல்வார்கள். அச்சொல்லில் ஓர் இரக்கமோ ஏளனமோ ஒட்டிக்கொண்டேயிருக்கும். 'கொருகேட்டட்' என்பதும் ரூகாவின் வழித்தோன்றலே. மடிப்பு மடிப்பான தகரத்தை நாம் கூரையில் பார்க்கிறோமே, அதற்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர்.

'ரூகோஸ்' இவற்றில் எதனோடும் முழுமையாகச் சேராது. அதில் இரக்கமில்லை, ஏளனமும் இல்லை. கண்ணால் பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைக்கிற சொல் அது. லின்னேயஸின் மாணவரான கார்ல் பீட்டர் துன்பெர்க், 1775, 1776 ஆண்டுகளில் ஜப்பானில் தங்கிச் செடிகொடிகளைச் சேகரித்தார். 1784இல் அவர் வெளியிட்ட 'ஃப்ளோரா ஜப்பானிகா' நூலில், கடற்கரை மணலில் வளரும் ஒரு ரோஜாவுக்கு 'ரோசா ருகோசா' என்று பெயரிட்டார். பூவின் நிறத்தையோ மணத்தையோ விட்டுவிட்டு, நரம்புகள் குழிந்தும் அவற்றுக்கு இடைப்பட்ட பகுதி மேடாகியும் இருக்கிற இலையைப் பார்த்து வைத்த பெயர் அது. ஜப்பானியர் அதை 'ஹமனாசு' என்கிறார்கள். ஹொக்கைடோ மாகாணத்தின் மலர் அதுதான். உப்புக்காற்றைத் தாங்கி மணல்மேட்டில் புதராகப் பெருகும் முரட்டுச் செடி. வட ஐரோப்பாவின் கடற்கரைகளுக்குக் கொண்டுசென்றபின், அங்கே உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளும் அளவுக்கு அது பரவிவிட்டது. பெயரில் சுருக்கத்தைச் சுமக்கும் செடியின் வாழ்வில் ஒடுக்கம் ஏதுமில்லை.

தாவரவியலார் மேற்பரப்பைச் சொல்வதில் நகை மதிப்பிடுவோரைப் போன்றவர்கள். மடிப்பு மிகுந்தது 'ரூகோஸ்'. அதுவே மிக நுண்ணியதாக இருந்தால் 'ரூகுலோஸ்'. நரம்புகளுக்கிடையே கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருந்தால் 'புல்லேட்'. தோலை வருணிப்பதற்கு நமது அழகியல் இத்தனை பொறுமையோடு சொற்களைச் சேர்த்ததா என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

இலக்கியத்தில் இச்சொல்லைக் கையாண்டவர்களுள் நினைவில் நிற்பவர் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் எச். பி. லவ்கிராஃப்ட். 1936இல் வெளியான 'தி ஷேடோ அவுட் ஆஃப் டைம்' என்னும் நெடுங்கதையில், மனித குலத்துக்கு முன்னரே பூமியில் வாழ்ந்த கூம்பு வடிவ உயிர்களின் உடலை வருணிக்க இச்சொல்லை எடுத்துக்கொண்டார். ஆய்வுக்கூடத்துக் குறிப்பேட்டிலிருந்து எடுத்த சொல், கதைக்குள் வந்ததும் அச்சம் தருகிறது. உணர்ச்சியற்ற சொல்லால் வருணிக்கப்படும் உடல், நமக்கு உறவில்லாத உடலாகிவிடுகிறது. இச்சொல்லின் வலிமையும் குறையும் அதுவே. இலைக்கும் பவளத்துக்கும் நீதி செய்கிற சொல், அன்னையின் கன்னத்துக்கு ஆகாது.

* * *

நாம் இச்சொல்லைச் சந்தித்த காரணத்தை இனிச் சொல்லலாம். நாம் பணிபுரியும் கல்லூரியின் தாவரவியல் துறையில், தமிழ்வழி மாணவர்களுக்கென்று கலைச்சொல் பட்டியலொன்று தயாராயிற்று. இலையின் விளிம்பு, நுனி, அடி, மேற்பரப்பு என்று வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டு வந்த நண்பர், இந்தச் சொல்லுக்கு எதிரே கேள்விக்குறி ஒன்றைப் போட்டு நம்மிடம் கொண்டுவந்தார். "'சுருங்கிய இலை'ன்னு போட்டா பசங்க வாடின இலைன்னு நினைச்சுக்கறாங்க, ஐயா. செய்முறைத் தேர்வுல ஒருத்தன் நல்ல இலையை நோய் புடிச்ச இலைன்னு எழுதி வெச்சிருக்கான்" என்பது அவரது வருத்தம்.

வருத்தம் நியாயமானது. 'சுருங்கு' என்னும் வினையின் அடிப்பொருள் குறைதல். பெருக்கத்துக்கு எதிர்ச்சொல் சுருக்கம். வருவாய் சுருங்கும், நூலைச் சுருக்கி எழுதுவோம், கொடாதவனின் மனத்தைச் சுருங்கிய மனம் என்போம். முதுமையின் தோலை அதே சொல்லால் குறிக்கும்போது, அம்மனிதரே அளவில் குறைந்துவிட்டார் என்ற தீர்ப்பையும் நம்மை அறியாமல் சேர்த்தே எழுதிவிடுகிறோம்.

மாற்றுச் சொற்களைத் தேடினோம். 'கசங்கிய' என்றால் வெளியிலிருந்து ஒரு கை பிடித்து அமுக்கியிருக்க வேண்டும். 'வதங்கிய' என்றால் நீர் போயிருக்க வேண்டும். 'மடிந்த' என்பதில் மடிதலாகிய சாவின் நிழல் விழுகிறது. 'நெளிந்த' என்பது கோட்டுக்குப் பொருந்தும், பரப்புக்குப் போதாது.

பழைய தமிழில் இரண்டு சொற்கள் கிடைத்தன. ஒன்று 'திரங்கு'. பாலையின் வெயிலில் காய்ந்து ஒடுங்கிய மரல் முதலானவற்றுக்குச் சங்கப் புலவர்கள் பயன்படுத்திய சொல். ஈரம் போனதால் வந்த சுருக்கம் திரங்கல். ஆங்கிலத்து 'விஸண்ட்' என்பதற்கு நேராக நிற்கக் கூடியது. மற்றொன்று 'திரை'. நரை, திரை, மூப்பு என்று வரிசையாக அச்சமூட்டும் அந்தத் தொடரில் நாம் அறிந்த திரை. ஆனால் திரை என்பதற்குக் கடலலை என்ற பொருளும் உண்டு. தொங்கவிட்ட துணியும் திரை. வெற்றிலைச் சுருளுக்குத் 'திரையல்' என்று பெயர். சிலப்பதிகாரத்தில் கோவலன் உண்டு முடித்தபின் கண்ணகி கொடுப்பது அத்திரையலைத்தான். அலை, துணி, வெற்றிலைச் சுருள், முதியோர் தோல் ஆகிய நான்கிலும் பொதுவாக இருப்பது ஒரு பரப்பு எழுவதும் தாழ்வதும் மடங்குவதுமே. குறைவு என்ற கருத்து அங்கே கட்டாயமில்லை. கடல் குறைந்துபோனதால் அதில் திரை எழுகிறது என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

இந்த ஆராய்ச்சி ஓடிக்கொண்டிருந்த நாள்களில் ஒருநாள் மாலை, எழுபத்தெட்டு வயதான நமது தாயார் முற்றத்தில் உட்கார்ந்து புதினா ஆய்ந்துகொண்டிருந்தார். புதினாவின் இலையும் 'ரூகோஸ்' வகைதான். ஓர் இலையை எடுத்துக் காட்டி, "இது ஏம்மா இப்படிச் சுருங்கியிருக்கு?" என்று கேட்டோம். அவர் இலையையும் நம்மையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எங்கடா சுருங்கியிருக்கு? வாடினாத்தான் சுருங்கும். இது நல்லா பொடச்சுக்கிட்டுல்ல இருக்கு" என்றார். பிறகு கட்டின் அடியில் கிடந்த வாடிய இலை ஒன்றைத் தேடி எடுத்து, "இதுதான் சுருங்கினது" என்று தனியே போட்டார்.

தாவரவியல் நூல் நீண்ட வாக்கியத்தில் சொல்வதைத்தான் அவர் சொன்னார். நரம்புகளைவிட அவற்றுக்கு இடைப்பட்ட பசும்பரப்பு மிகுந்து நிற்பதால் அது மேலே புடைக்கிறது. நரம்பு பள்ளத்தில் நிற்கிறது. இடம் போதாமல் மடிந்து நிற்கும் மிகுதி அது.

நண்பருக்குத் 'திரைமிகு இலை' என்று எழுதிக் கொடுத்தோம். 'ஓசுஸ்' என்னும் விகுதிக்கு 'மிகு' நேராகும். திரை என்றால் மாணவர்கள் திரையரங்கை நினைப்பார்களே என்றார். நினைக்கட்டும், அந்தத் திரையும் மடிந்து விரியும் துணியின் பெயரிலிருந்து வந்ததுதானே என்றோம். அவர் விடவில்லை. தக்காளியைத் தாக்கும் ஒரு வைரஸின் பெயரிலும் 'ரூகோஸ்' வருகிறது என்று எடுத்துக் காட்டினார். 2014இல் இஸ்ரேலிலும் 2015இல் ஜோர்டானிலும் காணப்பட்டு, பிறகு பல நாடுகளுக்குப் பரவிய அந்த நோயில், கனிகள் பழுப்புப் படர்ந்து மேற்பரப்பு கரடுமுரடாகின்றன. அங்கே மடிப்பு நோயின் அடையாளம்தான். ஆனால் நோய் என்பதை அந்தப் பெயரில் 'பழுப்பு', 'வைரஸ்' என்னும் சொற்கள் தாங்குகின்றன. 'ரூகோஸ்' மேற்பரப்பை மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. ஒரு மேற்பரப்பு நலமா நோயா என்பதைச் சொல்லே முன்கூட்டித் தீர்மானித்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. இந்த விடையில் நண்பர் ஒருவாறு அமைதியடைந்தார். உண்ணிச்செடியின் இலையையும் புதினாவின் இலையையும் எடுத்துக்காட்டாகச் சேர்த்துக்கொண்டார்.

* * *

பட்டியல் முடிந்தபின்னும் சொல் நம்மை விடவில்லை. மடிப்பு எங்கெல்லாம் வேலை செய்கிறது என்று பார்க்கத் தொடங்கினோம்.

வாசகர்கள் நாவின் நுனியை மேல்முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் வைத்துப் பார்க்கலாம். மேலண்ணத்தில் குறுக்காகச் சில மேடுகள் தட்டுப்படும். உடற்கூற்றியலில் அவற்றுக்கு 'ரூகே' என்று பெயர். அதே ரூகாவின் பன்மை. அந்த மேடுகளின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறுபடுவதாலும், கன்னமும் நாவும் பற்களும் சூழ்ந்து காப்பதாலும், தீயில் உருத்தெரியாமற்போன உடல்களை அடையாளம் காண்பதற்குத் தடயவியலார் அவற்றைத் துணையாகக் கொள்வதுண்டு. இரைப்பையின் உட்சுவரிலும் ரூகே உண்டு. வெறும் வயிற்றில் நீளவாட்டில் மடிந்து கிடப்பவை, உணவு இறங்க இறங்க விரிந்து தட்டையாகி இடம் கொடுக்கின்றன. பசித்தவனின் வயிற்றுக்குள் இருக்கும் மடிப்புகள், வரப்போகும் சோற்றுக்காக வைத்திருக்கும் இடம்.

இனித் தகரம். லண்டன் துறைமுகப் பணிகளில் இருந்த ஹென்றி ராபின்சன் பால்மர் என்னும் பொறியாளர், மடிப்புத் தகட்டுக்கு 1829இல் காப்புரிமை பெற்றார். தட்டையான மெல்லிய தகடு தன் எடையாலேயே தொய்ந்துவிடும். அதே தகட்டை அலையலையாக மடித்தால், மடிப்பு ஓடும் திசையில் அது வளைய மறுக்கிறது; கீழே மரச்சட்டங்களை நெருக்கமாகக் கொடுக்கத் தேவையில்லாமற்போகிறது. ஒரு தாளை எடுத்து விசிறிபோல் மடித்து, இரண்டு புத்தகங்களுக்கு நடுவே பாலமாக வைத்து, அதன்மேல் பேனாவை வைத்துப் பார்த்தால் எவருக்கும் இது விளங்கும். உலகெங்கும் ஏழைகளின் கூரை அந்த மடிப்பின் வலிமையில்தான் நிற்கிறது.

நமது விரல்களுக்கும் இக்கலை தெரியும். நீரில் நெடுநேரம் ஊறிய விரல்நுனிகள் திரைகின்றன. தோல் தண்ணீரைக் குடித்து உப்புவதால் அப்படியாகிறது என்றுதான் பலரும் நினைப்போம். ஆனால் நரம்பு துண்டிக்கப்பட்ட விரல் நீரில் ஊறினாலும் திரைவதில்லை என்பதை 1930களிலேயே மருத்துவர்கள் கவனித்திருக்கிறார்கள். நரம்பின் ஆணையால் விரலின் இரத்தக் குழாய்கள் ஒடுங்குவதால் நிகழும் செயல் அது. இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் 2013இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, திரைந்த விரல்கள் ஈரமான பொருள்களை விரைவாகப் பற்றி எடுத்து வைப்பதாகச் சொன்னது. 2014இல் வந்த வேறோர் ஆய்வில் அத்தகைய வேறுபாடு காணப்படவில்லை. பயன் எதுவென்ற வழக்கு எப்படி முடிந்தாலும், மடிப்பை உடல் தானே உண்டாக்குகிறது என்பது உறுதி. வாழ்நாளெல்லாம் நீரிலும் சாம்பலிலும் புழங்கிய கைகளை அறிந்தவர்களுக்கு இது பெரிய புதுமையாக இராது.

* * *

இச்சொல் நம்மைக் கொண்டுசேர்த்த இடங்களுள் மிகத் தொலைவானது கடலின் அடி. 'ருகோசா' என்ற பெயரில் ஒரு பவள இனத் தொகுதி இருந்தது. பல, மாட்டுக்கொம்பின் வடிவில் வளர்ந்தவை. வெளிச்சுவர் முழுதும் வரிவரியாக மடிப்புகள். ஆர்டோவிசியன் காலத்தில் தோன்றி, ஏறக்குறைய 25 கோடி ஆண்டுகளுக்கு முன், பெர்மியன் காலத்தின் இறுதியில் நேர்ந்த பேரழிவோடு அவை முற்றிலும் மறைந்தன. இன்றைய கடல்களில் அவ்வினம் இல்லை. எஞ்சியவை கல்லாகிக் கிடக்கும் கூடுகளே.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் வெல்ஸ் என்னும் தொல்லுயிரியலார், 38 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட டெவோனியன் காலத்துப் பவளங்களின் வெளிச்சுவரைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஆண்டுக்கொரு முறை விழும் பெரிய வளையங்களுக்கிடையே, நாளுக்கொன்றாக விழுந்த நுண்ணிய வரிகள் இருந்தன. அவற்றை எண்ணினார். இக்காலத்துப் பவளம் ஒன்றில் எண்ணினால் 360 அளவில் வருகிறது. அந்தப் பழைய பவளங்களிலோ 400 அளவில் வந்தது. 1963இல் 'நேச்சர்' இதழில் அவர் வெளியிட்ட சிறு கட்டுரை சொன்ன செய்தி இதுதான்: அக்காலத்தில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ நானூறு நாள்கள் இருந்தன. ஆண்டின் நீளம் மாறவில்லை. பூமி தன்னைத்தானே விரைவாகச் சுற்றியதால் நாள் குறுகியதாக இருந்தது. ஒரு நாளுக்கு ஏறக்குறைய இருபத்திரண்டு மணி நேரம்.

பூமியின் சுழற்சி குறைந்துவருவதற்குக் காரணம் நிலவின் ஈர்ப்பால் எழும் கடலோதம் என்று வானியலார் முன்னரே கணித்திருந்தார்கள். ஓதத்தின் உராய்வு சிறிது சிறிதாகச் சுழற்சியைத் தடுக்கிறது. அக்கணக்குக்குச் சாட்சி சொன்னது ஒரு பவளத்தின் மேல்தோல். கடல் எழுந்து தாழ்ந்து பூமியின் சுழற்சியைக் குறைத்த காலத்தின் கணக்கு, ஒரு சிற்றுயிரின் கூட்டில் மடிப்புகளாக விழுந்து கிடந்திருக்கிறது. அலைக்கும் மடிப்புக்கும் 'திரை' என்று ஒரே பெயரிட்டவர்கள் இதை அறிந்திருக்க வழியில்லை. எனினும் அவர்களது சொல்லுக்குள் இந்தச் செய்தி எந்தச் சிரமமுமின்றி உட்கார்ந்துகொள்கிறது. வழுவழுப்பான கூடாக இருந்திருந்தால் அந்தப் பவளத்திடம் கேட்பதற்கு ஒன்றுமே இருந்திராது.

* * *

மனித முகத்துக்கு வருவோம். புருவங்களுக்கு நடுவில் செங்குத்தான வரிகளை விழச் செய்யும் தசைக்கு 'கொருகேட்டர்' என்று பெயர். இதுவும் ரூகாவின் குடும்பமே. மனிதரும் விலங்குகளும் உணர்ச்சியை வெளிப்படுத்தும் முறை பற்றி 1872இல் எழுதிய நூலில், டார்வின் இத்தசைக்கு நிறைய இடம் ஒதுக்கியிருக்கிறார். சிந்தனையின் ஓட்டத்தில் தடை நேரும்போது, எளிதில் தீராத ஒன்றை மனம் எதிர்கொள்ளும்போது இத்தசை இயங்குகிறது என்பது அவர் கண்டது. வகுப்பில் கடினமான பாடலொன்றை விளக்கும்போது முன்வரிசை மாணவியின் புருவங்களுக்கிடையே அந்த வரி எழுவதை எந்த ஆசிரியரும் பார்த்திருப்பார். அது எழாத வகுப்பு, பாடம் இறங்காத வகுப்பு. அந்த வரியை நீக்குவதற்காக அதே தசையைச் செயலிழக்கச் செய்யும் போடாக்ஸ் ஊசிக்கு அமெரிக்காவில் 2002இல் ஒப்புதல் அளிக்கப்பட்டது. விரும்புவோர் போட்டுக்கொள்வதில் நமக்கு வழக்கில்லை. சுருக்கம் என்று பெயரிட்டுவிட்டபின் அதை விரிக்க நினைப்பது இயல்பு என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறோம்.

பெயரிடுவதன் விளைவைச் சென்ற ஆண்டு நவம்பரில் நேரிலேயே பார்த்தோம். தந்தையார் மறைந்தபின் தாயாருக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. உயிரோடிருப்பதற்கான சான்றை ஆண்டுதோறும் பதிய வேண்டும். ஓர் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றோம். கைரேகைக் கருவியில் வலது பெருவிரலை வைத்தார், ஏற்கவில்லை. ஆள்காட்டி விரல், ஏற்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தார், எண்ணெய் தடவி வைத்தார், இடது கையை வைத்தார். கருவி ஒவ்வொரு முறையும் சிவந்து மறுத்தது. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. அங்கிருந்த இளைஞர் நல்லவர்தான். குரலை உயர்த்தாமல், "அம்மாவுக்கு விரல் சுருங்கிப்போச்சு சார், அதான் எடுக்க மாட்டேங்குது" என்றார். தாயார் தமது விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டுச் சேலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டார். ஏதோ திருடிய கையை மறைப்பது போல இருந்தது அது. அந்தக் காட்சியை இன்னும் நம்மால் மறக்க முடியவில்லை.

இளைஞர் சொன்னது இயற்பியல்படி பெருமளவு சரி. பிறவியிலேயே அமைந்த ரேகை மேடுகள் முதுமையில் தாழ்கின்றன, உழைப்பில் தேய்கின்றன, அவற்றின் குறுக்கே புதிய மடிப்புகள் ஓடுகின்றன. பிறவி எழுதியதன் மேல் வாழ்க்கை எழுதிவிடுகிறது. கருவிக்குப் பிறவி எழுத்து மட்டுமே படிக்கத் தெரியும். எழுபத்தெட்டு ஆண்டுகளாகச் சேர்ந்தது எதுவோ, அதுவே அதற்கு இடையூறு.

முகத்தைப் படம்பிடித்து உயிர்ச்சான்று பதியும் முறை 2021 நவம்பரிலேயே வந்துவிட்டது. அதை நினைவூட்டினோம். இளைஞர் கைப்பேசியை எடுத்து, தாயாரை வெளிச்சத்தில் உட்காரச் சொல்லி, கண்ணை இமைக்கச் சொன்னார். நெற்றியின் மூன்று வரிகள், கண்ணோரத்து விசிறி, கன்னங்களின் மடிப்பு எல்லாவற்றோடும் அந்த முகம் திரையில் தெரிந்தது. சில நொடிகளில் பச்சை விளக்கு. அவர் உயிரோடிருப்பதை அரசு ஒப்புக்கொண்டது.

ஆட்டோவில் திரும்பும்போது நாம் மனத்துக்குள் சொற்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். 'ரூகோஸ்' என்பதைத் தாயாரின் கைக்குச் சொல்ல முடியாது. இலையின் சொல் அது, அதில் பாசமில்லை. 'திரங்கிய கை' என்றால் ஈரம் வற்றிய கை. அதுவும் ஆகாது, அன்று காலையிலும் நமக்குச் சோறு பிசைந்து கொடுத்த கை அது. 'சுருங்கிய கை' என்ற சொல்லை அவர் முந்தானையில் மறைத்துவிட்டார். 'திரைந்த கை' என்பது ஒன்றே மிச்சம். எழுந்து தாழ்ந்த நாள்களின் கணக்கைச் சுமக்கும் கை. நமக்கு நிறைவாக இருந்தது.

"அந்தத் தம்பி என்னடா சொன்னான், விரல் என்னாச்சாம்?" என்று தாயார் கேட்டார். காதில் சரியாக விழவில்லையோ, விழுந்தும் கேட்கிறாரோ, தெரியவில்லை.

"விரல் திரைஞ்சிருக்காம், அவ்வளவுதாம்மா" என்றோம்.

அவர் சிரித்துவிட்டார். "பால்தானேடா தெரையும்? வெரல் எங்கயாவது தெரையுமா? தமிழ் வாத்தியார்னு பேரு" என்றார்.

முந்தானைக்குள்ளிருந்த கை வெளியே வந்து நமது முழங்காலில் ஒரு தட்டுத் தட்டியது. பால் திரைதலும் அகராதியில் உண்டுதான். அதை அவரிடம் சொல்லவில்லை.